இறுகாத தரை

மருத்துவமனைக் கதவைத் திறந்ததுமே கலவையக்கா மூக்கைப் பொத்தினாள். முந்தின நாள் ஊற்றிய தரை ஒழுங்காக இறுகியிருந்தால் வாடை இந்நேரம் அடங்கியிருக்கும். உள்ளேயிருந்து வந்ததோ மீன் கெட்டுப்போன மாதிரி ஒரு நெடி. வாசலிலேயே குந்தி, ஒரு விரலை மெல்லத் தரைமேல் வைத்து எடுத்தாள். விரலோடு தரையும் கொஞ்ச தூரம் கூடவே வந்து, நூலாக இழுபட்டு, பிறகுதான் விட்டது.

நடு அறையில் ஒரு கரப்பான்பூச்சி நின்றிருந்தது. அது நிற்கவில்லை, சிக்கியிருக்கிறது என்பது அதன் மீசை மட்டும் ஆடுவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"என்ன, காஞ்சிருச்சா?" என்று வேனிலிருந்து வாளிகளை இறக்கியபடியே கேட்டார் கணவர்.

"நீங்களே வந்து பாருங்க."

அவர் வந்தார். பார்த்தார். செருப்புக் காலை ஒருமுறை வைத்துப் பார்த்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

தொழிலில் அவரை எல்லாரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கோணலாகத் தொங்கும் எதையும் அவரால் சகித்துக்கொள்ள முடியாது. பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடந்தபோதுகூட, சுவர்க் கடிகாரம் சாய்ந்திருப்பதைக் கையை ஆட்டி ஆட்டிக் காட்டி, மருத்துவர் வலியென்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்ட கதை ஊருக்கே தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பிசின் தரை போடுகிறவர்கள். கிடங்கு, ஆய்வுக்கூடம், பெரிய சமையற்கூடம் என்று, கழுவிக் கழுவிப் புழங்க வேண்டிய இடங்களில் கண்ணாடி போலப் பளபளக்கும் தரை அது. பெரிய டின்னில் ரெசின் வரும். தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். சின்ன டின்னில் ஹார்ட்னர். தண்ணீர் மாதிரி ஓடும். தனித்தனியாக வைத்தால் இரண்டும் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அளவாக நிறுத்து ஒன்றாகக் கலந்துவிட்டால் போதும், சற்று நேரத்தில் சூடேறத் தொடங்கி, மறுநாள் கல்லாகிவிடும். நிறுப்பதும் கலப்பதும் அவள் வேலை, அதனால்தான் அவள் எல்லாருக்கும் கலவையக்கா. முழங்காலில் நகர்ந்து, பல் வெட்டிய கரண்டியால் பரப்புவது அவர் வேலை. கல்யாணமான புதிதில் தொடங்கியது, மகள் வேலைக்குப் போகும் வயதாகியும் அப்படியேதான் நடந்துகொண்டிருந்தது.

இந்தத் தரை ஏன் இறுகவில்லை என்று அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

ரசமட்டத்துக்கு எல்லாம் வரும், 'முடியாது' என்று சொல்ல மட்டும் வராது. கிடங்கு வேலை முடிந்த கையோடு பேக்கரி, பேக்கரி முடிந்த கையோடு இந்த நாய் பூனை மருத்துவமனை, இது முடிந்ததும் ஒரு பள்ளிக்கூடம் என்று நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் ஒத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கேட்டவர்களுக்கும் சரி என்பார், அதே வெள்ளிக்கிழமையை வேறு யாராவது கேட்டால் அவர்களுக்கும் சரி என்பார். அவளுக்கோ தோள்பட்டையில் ஆரம்பித்த வலி கை விரல் வரைக்கும் இறங்கி, காலையில் சீப்பைப் பிடித்துத் தலைவாருவதே பெரும்பாடாக இருந்தது. வலி என்று சொன்னால் அவர் வருத்தப்படுவார். வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வேலைக்கு ஒத்துக்கொள்வார்.

முந்தின நாள் அவள் நிறுத்து வைத்திருந்த வாளியை எட்டிப் பார்த்து அவர் சொன்னார்: "சின்ன டின்னுல இருந்து இன்னும் ஒரு அரை டப்பா ஊத்து."

"நிறுத்தாச்சுங்க. சரியா இருக்கு."

"சரியா இருந்தா சரியான நேரத்துக்குத்தான் இறுகும். நமக்குச் சீக்கிரம் இறுகணும். நாளைக்குக் காலையில மேல்பூச்சு போட்டுட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடணும்ல?"

"அதுக்காகக் கூட ஊத்தக்கூடாதுங்க."

"டீயில சர்க்கரை கூடப் போட்டா கூட இனிக்குதா இல்லையா? அதே கணக்குத்தான். ஊத்து."

அவளுக்குப் பதில் தெரியும். டீ வேறு, இது வேறு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் ஒன்று சொல்வார், இவள் ஒன்று சொல்ல வேண்டும், குரல் உயரும், கடைசியில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தானே எடுத்து ஊற்றுவார். அந்த முழு நாடகத்தையும் மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தபோது அவளுக்கு அப்படியொரு அலுப்பு வந்தது. அரை டப்பாவை எடுத்தாள், ஊற்றினாள். அடுத்த வாளியிலும் ஊற்றினாள். கடைசி வாளி வரைக்கும் ஊற்றினாள். வாளியின் வெளிப்பக்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரமே சுட்டது. அவர் தொட்டுப் பார்த்து, "பாத்தியா, எப்படி வேகம் பிடிக்குதுன்னு!" என்று சிறுபிள்ளை போலச் சந்தோஷப்பட்டார்.

இப்போது ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றிருந்தார்.

டாக்டர் வந்தார். பருத்த உடம்பு, தூங்காத கண்கள். புது மருத்துவமனை திறக்கும்வரை வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். சோபாவுக்குக் கீழே கட்டுப்போட்ட நாய், குளியலறையில் சொறி பிடித்த பூனை என்று வீடு நாறிப்போய், மனைவி பேசுவதை நிறுத்தி நாளாகிவிட்டதாம். திங்கட்கிழமை திறப்பு என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். வாசற்படியில் நின்று கரப்பான்பூச்சியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று கலவையக்கா எதிர்பார்த்தாள். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"திங்கக்கிழமை..." என்றார்.

"சரக்கு மோசம் சார்" என்று முந்திக்கொண்டார் ரசமட்டம். "இந்தத் தடவை டின்னே சரியில்ல. கம்பெனிக்குப் போன் போட்டாச்சு, ஆள் வர்றாங்க."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒட்டிக்கொண்ட செருப்பை மும்முரமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மகள் வயதுதான் இருக்கும். காலுக்கு உறை மாட்டிக்கொண்டு அறையின் ஓரத்தில் மண்டியிட்டு, பஞ்சை எதிலோ நனைத்துத் தரையில் தேய்த்தாள், முகர்ந்தாள், கத்திமுனையால் ஒரு துண்டைக் கிளப்பி அழுத்திப் பார்த்தாள். ரப்பர் போல அமுங்கி எழுந்தது. டின்களைப் புரட்டி எண்களைப் பார்த்தாள். இதே சரக்கு போன வேறு இடங்களுக்குப் போன் செய்து கேட்டாள். அங்கெல்லாம் தரை கல்லாக இருந்தது.

"ஹார்ட்னர் அதிகமாயிருக்கு சார்" என்றாள் டாக்டரிடம்.

"அதிகமானா நல்லாத்தானே இறுகணும்?" என்று கேட்டார் ரசமட்டம்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க" என்றாள் அந்தப் பெண், குற்றம்சாட்டும் தொனி இல்லாமல். அதே விளக்கத்தை எத்தனையோ இடங்களில் சொல்லிச் சலித்த களைப்புதான் இருந்தது. "ஹார்ட்னரை ஒரு மருந்து மாதிரி நினைச்சுக்கிறாங்க, ரெசினைக் காய வைக்கிற மருந்துன்னு. அப்படி இல்லைங்க. தரையா மாறுறதே ரெண்டும் சேர்ந்துதான். ரெசினுக்கு எவ்வளவு பங்கோ ஹார்ட்னருக்கும் பங்கு இருக்கு. ரெசின் துகள் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கைன்னு வைங்க. ஹார்ட்னர் துகளுக்கு நாலு கை. ஹார்ட்னரோட நாலு கையையும் ரெசின் வந்து பிடிச்சாத்தான் வலை மாதிரிப் பின்னிக்கிட்டு இறுகும். இங்க ஹார்ட்னர் அதிகம், ரெசின் பத்தல. ரெசின் இருந்தவரைக்கும் சூடேறி வேலை நடந்திருக்கும். அது தீந்ததும் நின்னுபோச்சு. மிச்ச ஹார்ட்னருக்குப் பிடிக்கக் கை கிடைக்கல. ஒரு கை பிடிச்சிருக்கு, மூணு கை சும்மா தொங்குது. அதான் பிசுபிசுன்னு இருக்கு, அதான் இந்த நாத்தம்."

"அப்ப மேல கொஞ்சம் ரெசின் ஊத்திட்டா?" டாக்டருக்கு உயிர் வந்தது.

"உள்ள இறங்காது சார். பாதி இறுகிடுச்சே, இனி கலக்க முடியாது. எத்தனை நாள் விட்டாலும் இப்படியேதான் இருக்கும். மொத்தத்தையும் சுரண்டி எடுத்துட்டுப் புதுசா ஊத்தணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கலந்தது யாரு?" என்று கேட்டார். அதட்டலாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார், அவ்வளவுதான்.

"கலவை எல்லாம் அவங்கதான் சார்" என்றார் ரசமட்டம்.

அவங்க. இத்தனை வருஷத்தில் அவளை அவர் ஏய் என்று கூப்பிட்டிருக்கிறார், இந்தா என்று கூப்பிட்டிருக்கிறார், சந்தோஷமான நாட்களில் கிழவி என்றும் கூப்பிட்டதுண்டு. மரியாதையாக அவங்க என்றது அன்றுதான். யாரோ பக்கத்துக் கடைக்காரியைச் சொல்வது போல இருந்தது. அவளுக்குத் தரை போனது பெரிதாகத் தோன்றவில்லை. அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கம்பெனிப் பெண் அவளையே பார்த்தாள். இவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தது போலிருந்தது. கலவையக்கா வேனுக்குப் போய்ச் சுரண்டிகள் இருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் வீட்டில் மகள்தான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் என்பதால் கை கால் முகம் என்று எதைப் பார்த்தாலும் ஒரு களிம்பின் பெயர் சொல்வாள். முழங்கைவரை சிவந்து, பொரிப்பொரியாக எழும்பியிருந்தது.

"உறை போடலையாம்மா?"

"போட்டேன். அதுக்கு மேல வழிஞ்சிருச்சு."

"அப்பா எங்க?"

"குளிக்கிறார். அந்த நாத்தம் போகலையாம்."

நடந்ததை அவள் சொன்னாள், மகள் கேட்டுக்கொண்டே மருந்து தடவினாள். 'அவங்க' வந்த இடத்தில் தடவுவது நின்றது.

"உனக்கு வாய் இல்லையா? நீங்கதானே ஊத்தச் சொன்னீங்கன்னு அங்கயே கேக்க வேண்டியதுதானே?"

"வாய் இருக்குடி. தெம்பு இல்ல."

"இப்பக் கேக்கவா நான்?"

"வேண்டாம். நீ கேட்டா அவர் ரெண்டு நாள் சாப்பிட மாட்டார். அப்புறம் அதுக்கும் நான்தான் கெஞ்சணும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

குளித்துவிட்டு வந்தவர் யாரையும் பார்க்காமல் தட்டெடுத்துச் சாப்பிட்டார். சுவரில் நாள்காட்டி ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததைக்கூட அன்று அவர் கவனிக்கவில்லை.

சுரண்டும் வேலை சாதாரணப்பட்டதல்ல. இறுகிய தரையென்றால் யந்திரத்தை விட்டு உடைத்து அள்ளிவிடலாம். இறுகவே இறுகாத தரையென்றால் துடைத்து எடுத்துவிடலாம். இது இரண்டுங்கெட்டான். யந்திரத்தின் பற்களில் மெழுகாக அப்பிக்கொண்டது. சூட்டுக்காற்று அடித்து இளக வைத்து, சுரண்டியைக் கொடுத்து, கையகலம் கையகலமாக உரித்துச் சாக்கில் போட வேண்டியிருந்தது. அவர் காற்றடிக்க, அவள் உரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் காற்றடிக்க, அவர் உரித்தார். "அங்க", "இங்க", "தள்ளு", "தண்ணி" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கரப்பான்பூச்சியோடு நிறைய கொசுக்களும், ஒரு பழுத்த இலையும், டாக்டரின் சட்டைப் பொத்தான் ஒன்றும் உரிந்து வந்தன. பொத்தானை மட்டும் அவள் தனியே எடுத்து வைத்தாள்.

ஒருமுறை எழுந்திருக்க முயன்றபோது ரசமட்டத்தின் முழங்கால் பிடித்துக்கொண்டது. பிடிமானம் தேடியவர், இன்னும் உரிக்காத பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது காற்சட்டையின் பின்பக்கத் துணி பாதி அங்கேயே தங்கிவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள், அவரும் சிரித்திருப்பார். வேனிலிருந்து ஒரு சாக்கை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

அந்தக் கோலத்தில் அவர் இருந்தபோதுதான் டாக்டர் ஒரு சிறு டப்பாவோடு வந்தார். அவள் கையை முந்தின நாளே கவனித்திருக்கிறார்.

"இதைப் போடுங்க அக்கா. நாய்க்குத்தான் எழுதுவேன், நானும் போட்டுக்குவேன். நக்காம இருந்தா சரி."

அவள் வாங்கிக்கொண்டாள். பொத்தானைக் கொடுத்தாள்.

டாக்டர் பொத்தானைப் பையில் போட்டுக்கொண்டு, போகத் திரும்பியவர், நல்ல மனதோடுதான் சொன்னார்: "அடுத்த தடவை கலக்குறப்ப மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க அக்கா. வேற ஒண்ணும் இல்ல."

"சரிங்க சார்" என்றாள் அவள்.

சூட்டுக்காற்று யந்திரம் நின்றது.

"சார்" என்றார் ரசமட்டம். இடுப்பில் சாக்கோடு, கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "அவ சரியாத்தான் நிறுத்தா. நான்தான் கூட ஊத்தச் சொன்னேன். வேண்டாம்னா. கேக்கல. சரக்கு மேலயும் குத்தம் இல்ல."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாமென்று நினைத்தவர் போல, "சரி, திங்கக்கிழமைக்குப் பதிலா வியாழக்கிழமைன்னு எல்லாருக்கும் சொல்லிடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

யந்திரம் திரும்ப ஓடத் தொடங்கியது. அவர் காற்றடித்தார், அவள் உரித்தாள்.

அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இரண்டு நாளாக அவள் நினைத்திருந்தாள். வந்துவிட்டது. கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தோள் வலித்தது வலித்தபடியே இருந்தது. கை அரித்தது. அவர்மேல் இருந்த கோபம் போன பிறகு உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்தாள். அலுப்பு இருந்தது. அது இந்தத் தரையில் தொடங்கியதல்ல. அன்று அந்த அரை டப்பாவை ஊற்ற வைத்தது அவர் பேச்சு பாதி, அந்த அலுப்பு பாதி. ஓய்ந்துபோன கையும் ஓடியே தீர வேண்டுமென்ற அவசரமும் ஒரே வாளியில் விழுந்தால் நாளைக்கும் இதேதான் நடக்கும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கடைசிச் சாக்கைக் கட்டிவிட்டு, வெறும் சிமெண்டுத் தரையைத் துடைத்துச் சுத்தமாக்கி, புது டின்களைத் திறந்தார்கள். அவள் தராசை வைத்தாள். பெரிய டின், சின்ன டின், அளவுப்படி. அவர் பக்கத்தில் வரவே இல்லை. ஈரப் பிசினில் நடப்பதற்கான ஆணிச் செருப்பை மாட்டிக்கொண்டு அறைக் கோடியில் காத்திருந்து, அவள் கொண்டுவந்து கொட்டக் கொட்டப் பரப்பினார். வேலை நடக்கும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே தேவையில்லாத பழக்கம் அது. தரை ஏரித்தண்ணீர் மாதிரி மட்டமாகப் படர்ந்தது.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது நகத்தால் கீறியும் கோடு விழவில்லை. வாடை இல்லை. மேல்பூச்சையும் அன்றே போட்டு முடித்தார்கள். கழுவிய வாளிகளை வேனில் அடுக்கும்போது அவர், "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளனப் போயிட்டா..." என்று ஆரம்பித்தார்.

"நான் வரல" என்றாள் அவள்.

"ஏன், கையா? களிம்பு போட்டா..."

"கை மட்டும் இல்லீங்க. என்னால முடியல. ஒரு வாரமாவது நான் எதையும் தூக்கப் போறதில்ல. நிறுக்கப் போறதில்ல."

"ஒத்துக்கிட்டாச்சே."

"நீங்க ஒத்துக்கிட்டீங்க."

அவள் குரல் உயரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் அவருக்கு வழி தெரிந்திருக்கும். இப்படி அடங்கிய குரலில் சொன்னால் என்ன செய்வதென்று தெரியவில்லை. வேனின் பின்கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார்.

"இப்ப நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"முடியாதுன்னு சொல்லுங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு தெரு முனைவரை நடந்தார். அங்கே ஒரு கடைச் சுவரைப் பார்த்தபடி நின்று பேசினார். முதலில், எதிரில் இல்லாத ஆளுக்கு முன்னால் வளைந்து வளைந்து பேசினார். பிறகு எதிர்முனையில் கத்துகிறார்கள் போலிருந்தது, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். தள்ளிப் பிடித்தபடியே ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அணைத்துவிட்டார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்துப்போய், பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி இருந்தது.

"சொல்லிட்டேன். நாளைக்கே வர்றதுன்னா வாங்க, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கிறோம்னாங்க. பாத்துக்குங்கன்னுட்டேன்."

"சரி."

"இனிமே அவங்க நம்மளக் கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிடலன்னா போகுது. ஏறுங்க, வீட்டுக்குப் போலாம்."

வழியில் அவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார், பள்ளிக்கூடத் தரையின் நீள அகலம், அதற்கு எத்தனை வாளி பிடித்திருக்கும் என்றெல்லாம். அவள் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் மகள் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. வெயில் சமையலறை வரைக்கும் வந்திருந்தது. துணிகூட மாற்றாமல் அவள் கட்டிலில் விழுந்தாள்.

அவர் கொஞ்ச நேரம் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். பிறகு அரிசியைக் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப் பார்த்து அவர் கேட்டபோது அவள் தூங்கிப்போயிருந்தாள்.